வாரியத்து நிலத்தில் ஒரு சாமிக்கிடா

மின்நிலையத்தின் பின்பக்கத் தொட்டியில் குழாய்த் தண்ணீர் சுண்டுவிரல் பருமனுக்கு விழுந்துகொண்டிருந்தது. தொட்டி நிறைந்தால்தான் குடத்தை முக்க முடியும். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் கூலிப் பெண்கள் சுவரோரம் கிடைத்த நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். தை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது. அதற்குள் வெயில் உச்சியைப் பொசுக்கியது. வேலிக்கு உள்ளே மின்மாற்றிகள் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தன. பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை. புதிதாக வேலைக்கு வந்தவள்தான் முதல் வாரம் தலைவலி என்று சொல்லுவாள்.

"ஏ சீனி, ஒங்க வீட்டு விருந்தாளி வந்துட்டாருடி" என்றாள் முனியாயி.

சீனியம்மாள் சடக்கென்று திரும்பினாள். கன்று நட்டிருந்த நிலத்தின் கிழக்கு மூலையில், முன்னங்கால்களை வரப்பில் ஊன்றிக்கொண்டு, ஒரு கரிய வெள்ளாட்டுக் கிடா அத்திக் கன்றின் கொழுந்தை மென்றுகொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தவரைப்போல ஒவ்வோர் இலையாக ருசி பார்த்துத் தின்றது.

அவள் ஓடினாள். கையில் கம்பும் எடுக்கவில்லை, கல்லும் எடுக்கவில்லை. கிடாவுக்கு எதிரே போய் நின்று கையைக் கூப்பினாள்.

"சாமி, ஒனக்குப் புண்ணியமாப் போகும், வெளிய போ சாமி. இது கரண்டு வாரியத்துது. ஊர்ல இம்புட்டுக் காடு கெடக்கே, ஒனக்கு இதுதானா கெடச்சுச்சு?"

கிடா அவளை நிமிர்ந்து பார்த்தது. பிறகு அடுத்த கன்றுக்கு நகர்ந்தது. தொட்டியடியில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அது கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. நேர்ந்துவிட்டதைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது. மாசிச் சிவராத்திரி வரைக்கும் அது நினைத்த இடத்தில் மேயும். யார் கொல்லையில் நுழைந்தாலும், "இம்புட்டுப் போதும் சாமி" என்று சொல்லிப் பார்க்கலாம். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. ஊரில் யாரும் செய்ததும் இல்லை. நேர்ந்துவிட்டவள் சீனியம்மாள்தான் என்பதில்தான் சங்கடம் இருந்தது.

முந்தின வருஷத்து ஐப்பசியில் அவள் புருஷன் பேயாண்டி, காண்டிராக்டர் ஒருவரிடம் மின்கம்பியில் உரசும் கிளைகளை வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். லைனில் கரண்டை நிறுத்தியாயிற்று என்று சொல்லித்தான் மரத்தில் ஏற்றினார்கள். நிறுத்தியிருக்கவில்லை. வேப்பமரத்திலிருந்து விழுந்தவனைக் கட்டைவண்டியில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து லாரி பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தங்கியது. வலது கை முழங்கைக்குக் கீழே தங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே சீனியம்மாள், வீட்டில் ஈன்றிருந்த கறுப்புக் குட்டியைக் கருப்பனுக்கு நேர்ந்துகொண்டாள். காண்டிராக்டர், "அவன் வாரியத்து வேலையாத்தான் ஏறினான்" என்றார். வாரியத்தில், "அவன் காண்டிராக்டர் ஆள்" என்றார்கள். கருப்பசாமி மட்டும்தான் அவனைத் தன் ஆள் என்று ஒப்புக்கொண்டது என்று பேயாண்டியே சொல்லிச் சிரிப்பான்.

வாரியம் அந்த நிலத்தை எடுத்து வெகுகாலமாயிற்று. மதுரையை ஒட்டிய நாகமலைக்குத் தெற்கே, நாகமலைப் புதுக்கோட்டை ரோட்டைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. மின்நிலையத்தை விரிவாக்குவோம் என்று வளைத்துப் போட்டார்கள். விரிவாக்கவில்லை. நிலையத்துக்கு மண் எடுத்த இடம் பெரிய பள்ளமாகி மழைத் தண்ணீர் தங்கியது; மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேலை அடைத்துக்கொண்டது. சுற்றிலும் இருந்த ஊர்க்காரர்களுக்கு அடுப்பெரித்தது அந்த முள்தான். பள்ளத்துத் தண்ணீருக்குக் கொக்கும் நாரையும் முக்குளிப்பானும் வந்தன. வந்ததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, துளசிராம் வரும்வரை.

துளசிராம் உதவிப் பொறியாளர். மதுரையில் நெசவும் ஜவுளி வியாபாரமுமாக இருக்கும் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்து, குடும்பத்திலேயே முதல்முதலாகக் கம்பத்துக்கும் கம்பிக்கும் வந்து சேர்ந்தவர். கழுத்தில் பழைய பைனாகுலர் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் பள்ளத்தங்கரைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு வருஷம் மேலிடத்துக்கு எழுதி எழுதி, கடைசியில் அனுமதி வாங்கிவிட்டார். முள்ளை வேரோடு எடுத்துவிட்டு நாட்டு மரம் வைப்பது, பள்ளத்தைக் கரை கட்டிப் பறவைகளுக்கு விடுவது, சுற்றி ஒரு செம்மண் பாதை போடுவது, காலையும் மாலையும் ஜனங்களை உள்ளே விடுவது. வாரியத்து நிலம் சும்மா கிடக்காமல் நாலு பேருக்கும் நாற்பது பறவைக்கும் ஆகட்டும் என்பது அவர் பேச்சு.

முள்ளைத் தோண்டியதும் குழி வெட்டியதும் கன்று வைத்ததும் ஊர்ப் பெண்கள்தான். அன்றாடக் கூலி. திறந்து வைத்த பிறகு அங்கே நிரந்தரமாக ஒரு காவல் வேலை வரும். மாசம் பிறந்தால் சம்பளம், வாசலில் தங்க ஓர் அறை. அதற்குச் சீனியம்மாள் பெயரைச் சொல்லப்போவதாகத் துளசிராம் அவளிடமே சொல்லியிருந்தார். பேயாண்டியின் கை போன கதை அவருக்குத் தெரியும். கைக்கு ஈடு வாங்கித்தர அவரால் முடியவில்லை. இதையாவது செய்யவேண்டும் என்று அவருக்கு இருந்தது.

சீனியம்மாளுக்கு அன்றிலிருந்து தூக்கத்திலும் அந்த வேலைதான். ஒவ்வொரு கன்றையும் சுற்றி இலந்தை முள்ளை வெட்டி வந்து அடைத்தாள். ஆட்டுப் புழுக்கையைத் தண்ணீரில் கரைத்து இலையில் தெளித்தாள். எந்த ஆடும் அந்த நாற்றத்துக்கு வாய் வைக்காது. அக்கம்பக்கத்து ஆடுகள் வேலிக்கு வெளியே நின்று முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. சாமிக்கிடாவுக்கு மட்டும் அருவருப்பு என்பதே கிடையாது. எல்லார் கொல்லையிலும் தின்று வளர்ந்த வாய் அது. முள்ளைக் கொம்பால் ஒதுக்கிவிட்டு, புழுக்கைத் தண்ணீர் தெளித்த இலையையும் தின்றது.

அன்று சாயந்தரம் துளசிராம் வந்து மொட்டையாக நின்ற அத்திக் கன்றுகளைப் பார்த்தார். குனிந்து ஒரு காம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"யார் ஆடும்மா இப்படித் தின்னது?"

மற்ற பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். சீனியம்மாள் பொய் சொல்லியிருக்கலாம்.

"எங்க வீட்டுதுதான் சார். கருப்பனுக்கு நேந்துவிட்டது. அவருக்குக் கை போனப்ப நேந்துக்கிட்டேன்."

துளசிராம் பைனாகுலர் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"பெரியவர் வெள்ளிக்கிழமை பார்க்க வர்றாரும்மா. எங்க பெரிய இன்ஜினியர், எஸ்.இ. அவர் பார்த்துச் சரின்னாத்தான் திறக்கிறதும், காவல் வேலையும். அன்னிக்கு இது உள்ள வந்துச்சுன்னா நான் என்ன சொல்லட்டும்? ஒரு நாள் மட்டும் கட்டிப்போட முடியாதா?"

"கட்டக் கூடாது சார்."

"ஒரே ஒரு நாள்."

"ஒரு நாழியும் கட்டக் கூடாது. அவரு உசுரைக் கேட்டு வாங்கிருக்கேன் சார். கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கிட்டா?"

அவள் குரலில் பிடிவாதம் இல்லை. பயம்தான் இருந்தது. துளசிராமுக்கும் அது புரிந்தது. அவருடைய அம்மா அழகர்கோயிலுக்கு முடி நேர்ந்துகொண்டு, கல்லூரிப் பரீட்சைக்கு முந்தின நாள் அவரை மொட்டையடித்துக் கூட்டிவந்தவள். மொட்டைத் தலையோடு பரீட்சை எழுதியவருக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"சரி, கட்ட வேணாம்" என்றார். "அதுக்குப் பிடிச்சது என்ன?"

"அகத்திக் கொழைன்னா உசுரை விட்டுரும் சார்."

"அப்ப வெள்ளிக்கிழமை பூரா ஊருக்குள்ளயே அகத்தி போடு. வயிறு நிறைஞ்சா எதுக்கு வரப்போகுது?"

சீனியம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. இது தனக்குத் தோன்றாமல் போனதே என்று முனியாயியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

வியாழக்கிழமை மாலை அவள் பரவைப் பக்கம் ஒரு வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போய், அகத்திக் கொத்துகளைக் கேட்டு வாங்கி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து சேர்த்தாள். பேயாண்டி இடது கையால் அதைப் பிரித்து, வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்தான்.

"பெரிய ஆபீசருக்குக்கூட இப்பிடிச் சாப்பாடு போட மாட்டாக போலிருக்கே" என்றான்.

"கேலி பேசாத மச்சான். நாளைக்கு ஒருநா மட்டும் அதைப் பாத்துக்க. அது ஊரைத் தாண்டாமப் பாத்துக்கிட்டாப் போதும்."

"நான் பாத்துக்கிறேன். ஒத்தக் கையி போதும், கொழை போடுறதுக்கு."

"அந்த வேலை கெடச்சிருச்சுன்னா..." என்று ஆரம்பித்தவள் மேலே சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்பதுபோல நிறுத்திக்கொண்டாள். பேயாண்டி புரிந்துகொண்டு, துண்டாகிப்போன கையின் முனையைத் துண்டால் மூடிக்கொண்டு, கிடாவின் நெற்றியைத் தடவினான். கிடா அவன் மடியில் கிடந்த குழையில் வாய் வைத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வருவதாகச் சொன்ன பெரியவர் காலையில் வரவில்லை. பெண்கள் பாதையைக் கூட்டி, வாசலில் தண்ணீர் தெளித்து, கோலமும் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். வெயில் ஏறி, கோலம் காய்ந்து, காற்றில் பாதி பறந்துபோயிற்று. துளசிராம் இரண்டு தடவை மின்நிலையத்துக்குள் போய் டெலிபோன் செய்துவிட்டு வந்தார். கே.கே. நகர் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டார் என்றார்கள். பிறகு, இன்னொரு கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். சாப்பாட்டு நேரமும் தாண்டியது.

ஊருக்குள் பேயாண்டி கொத்துக் கொத்தாக அகத்தியைப் போட்டுக்கொண்டிருந்தான். காலைக்கென்று வைத்திருந்தது காலையிலேயே தீர்ந்தது. மதியத்துக்குப் பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிய முருங்கைக் குழையும் தீர்ந்தது. கிடா வாயைத் துடைத்ததுபோல ஒருமுறை செருமிவிட்டு எழுந்து நின்றது. பேயாண்டி அதற்கு முன்னால் ஓடிப்போய் வழியில் நின்றான். அது அவனைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவன் மறுபடியும் முன்னால் போய் நின்றான். கழுத்தில் கயிறும் இல்லை, பிடிக்க வலது கையும் இல்லை, பிடிப்பதற்கு மனசும் இல்லை.

கார் வந்தபோது மணி நாலாகியிருந்தது. எஸ்.இ. நல்ல உயரம், தங்கப் பிரேம் போட்ட கண்ணாடி. முகத்தில் அசதி இருந்தாலும் கோபம் இல்லை. பாதையில் நடந்தார், கன்றுகளைச் சுற்றி அடைத்திருந்த முள்ளைப் பார்த்தார், கரையில் நின்று பள்ளத்தைப் பார்த்தார். துளசிராம் பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்தார். தண்ணீருக்கு நடுவே சிறகி வாத்துகள் கூட்டமாக மிதந்துகொண்டிருந்தன. ஒன்று எழும்ப, அத்தனையும் சீழ்க்கையடித்துக்கொண்டு எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் வந்து இறங்கின.

"வெரி குட்" என்றார் எஸ்.இ. மறுபடியும் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். "ரொம்ப நல்லா பண்ணியிருக்கய்யா. என் பேரப்பிள்ளைகளைக் கூட்டிட்டு வரணும்."

துளசிராமுக்குக் காது வரை சிரிப்பு வந்தது. சீனியம்மாளைக் கைகாட்டி முன்னால் கூப்பிட்டார்.

"இவங்கதான் சார் நான் சொன்ன அம்மா. இங்க இருக்கற ஒவ்வொரு கன்னும் இவங்க பார்வைல வளர்ந்தது. காவலுக்கு..."

"ஆங், சொன்னியே. பேரென்னம்மா?"

"சீனியம்மா சார்."

"நல்லாப் பாத்துக்குவியா?"

"எம்புள்ளையாட்டம் பாத்துக்குவேன் சார்."

எஸ்.இ. தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் போதும் என்று சீனியம்மாளுக்குத் தோன்றியது. முனியாயி பின்னாலிருந்து அவள் முதுகில் கிள்ளினாள்.

காரில் கொண்டுவந்திருந்த மகிழங்கன்றைக் கரையோரத்துக் குழியில் எஸ்.இ. நட்டார். மண் தள்ளி, ஒரு செம்பு தண்ணீரும் ஊற்றினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் கையைக் கழுவிக்கொண்டு, டிரைவர் சுருளி நீட்டிய துண்டில் துடைத்துக்கொண்டிருக்கும்போது, வாசல் பக்கமிருந்து செம்மண் பாதையில் கிடா வந்தது.

முள்கம்பிக்குள் நுழைந்து வரவில்லை. பெரியவருக்காகத் திறந்து வைத்திருந்த வாசல் வழியாகவே, நடுப்பாதையில் தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் மூச்சு வாங்க, ஒரு கையை நீட்டிக்கொண்டு பேயாண்டி. கூட்டத்தைப் பார்த்ததும் அவன் நின்றுவிட்டான். கிடா நிற்கவில்லை. சுற்றியிருந்த கால்களுக்கிடையே நுழைந்து, இன்னும் முள் அடைக்காத ஒரே கன்றான மகிழங்கன்றிடம் போய், அதன் நுனியைக் கடித்து இழுத்தது.

"யார் ஆடுய்யா? விரட்டு, விரட்டு" என்றார் எஸ்.இ.

யாரும் அசையவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக ஓரடி பின்னால் வைத்தார்கள். இரண்டு பேர் தாங்களறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சுருளி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். ஒரு தடவை பார்த்தவுடனே அவனுக்கு என்ன கிடா என்று தெரிந்துவிட்டது. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வேறுபக்கம் திரும்பி மலையைப் பார்த்தான்.

"சுருளி!"

"அய்யா... அது சாமிது அய்யா."

"என்னது?"

"நேந்துவிட்டதுங்கய்யா. தொடக் கூடாது."

எஸ்.இ. கையைத் தட்டினார். "சூ" என்றார். கிடா மென்றபடியே அவரைப் பார்த்தது. அவர் துளசிராமைப் பார்த்தார், பிறகு சீனியம்மாளை.

"ஏம்மா, நீதான காவலு? விரட்டு பார்ப்போம்."

சொன்னவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அத்தனை பேருடைய கண்ணும் அவள்மேல் வந்து நின்றது. துளசிராம் உதடு அசையாமல், "ஒரு தடவை, சும்மா ஒரு தடவை கையை ஓங்கும்மா" என்றார். பக்கத்தில் ஒரு மண்வெட்டி கிடந்தது. கம்பு தேட வேண்டியதில்லை. சீனியம்மாள் மண்வெட்டியைப் பார்த்தாள். தூரத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. துண்டு நழுவி, கை இல்லாத இடம் வெயிலில் தெரிந்துகொண்டிருந்தது.

அவள் கிடாவின் முன்னால் போய்க் கையைக் கூப்பினாள். "சாமி, இன்னைக்கு ஒருநா மானத்தைக் காப்பாத்து" என்றாள். கிடா கன்றை இழுத்தது. மண் இன்னும் இறுகாததால் கன்று அசைந்து கொடுத்தது. அதை அப்படியே தின்று முடித்தால் அடுத்து அது நாவலுக்குப் போகும், நாவலை விட்டால் இலுப்பைக்குப் போகும். அவளுக்கு அந்த ஒரு கணக்குதான் தெரிந்தது. சட்டென்று குனிந்து, பாதி தின்ற மகிழங்கன்றை வேரோடு பிடுங்கினாள். கிடாவின் மூக்குக்கு நேராக நீட்டிக் காட்டினாள்.

"வா சாமி. வா, வா."

கன்றைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். கிடா பின்னாலேயே போயிற்று. செம்மண் பாதை நெடுக, வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி ஊர்ப் பாதைக்கு அதைக் கொண்டுபோய்விட்டுவிட்டு, அங்கேயே கன்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு கன்று போனாலும் மிச்சமெல்லாம் தப்பிவிட்டன. திரும்பி வந்து கூட்டத்தின் முகங்களைப் பார்த்த பிறகுதான் தான் பிடுங்கியது யார் நட்ட கன்று என்பது அவளுக்கு உறைத்தது.

எஸ்.இ. அவளைத் திட்டவில்லை. குழியை ஒருமுறை பார்த்தார், லேசாகச் சிரித்தார். "சரி, கிளம்பலாமா" என்றார். கார்க் கதவருகே நின்று துளசிராமிடம் கொஞ்ச நேரம் பேசினார். சுருளி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதால் எல்லாம் அவன் காதில் விழுந்தது. மறுநாள் அவன் சொல்லித்தான் பெண்களுக்குத் தெரிந்தது. ஆனால் சீனியம்மாளுக்கு அன்றே துளசிராம் சொல்லிவிட்டார். பிறர் வாயிலிருந்து அவள் கேட்க வேண்டாம் என்று நினைத்தார்.

தொட்டியடியில் குடங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

"திறக்கிறதுக்குச் சரின்னுட்டாரும்மா. பங்குனில திறக்கலாம்னுட்டார்."

"நல்லது சார்."

"காவலுக்கு மட்டும்..." துளசிராம் தொட்டியின் விளிம்பில் படிந்திருந்த பாசியை நகத்தால் சுரண்டினார். "உள்ளூர் ஆளுங்க வேணாம்னு சொல்றார். வெளி ஜில்லாலேர்ந்து மிலிட்டரில இருந்தவங்க யாரையாவது போடலாம்னு. உன்மேல கோபமில்லைம்மா. அந்தம்மா தப்பு எதுவும் பண்ணலைன்னுகூடச் சொன்னார்."

சீனியம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"சிவராத்திரிக்கு அப்புறம் கிடாவே இருக்காதே சார். இன்னும் கொஞ்ச நாள்தான. அதைச் சொன்னீகளா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"அடுத்த வருஷம் இன்னொருத்தர் நேர்ந்து விடுவாங்கன்னார்."

விடுவார்கள்தான். ஊரென்றால் யாருக்காவது உடம்புக்கு வரும், யாராவது எங்கிருந்தாவது விழுவார்கள். தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே வைத்த குடத்தைக் கவிழ்த்துவிட்டு அவள் கேட்டாள்:

"நான் எதுக்கு நேந்துவிட்டேன்னு கேட்டாரா சார்?"

துளசிராம் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி, அதன் வாரை அதன்மேலேயே சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. எஸ்.இ. கேட்காத கேள்விக்குத் தானாகவே பதில் சொல்லியிருக்கலாம். கார்க் கதவருகே நின்றபோது அவருக்கு வாய் வரவில்லை.

"கூட்டுற வேலை, தண்ணி ஊத்துற வேலை எப்பவும் உனக்கு உண்டும்மா" என்றார் கடைசியில்.

வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் கையை ஓங்கிருக்கணும் மச்சான். ஒரு ஓங்கு. சாமி புரிஞ்சுக்கிட்டுருக்கும்" என்று அழுதாள். பேயாண்டி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஓங்கிருந்தா இந்நேரம் அதுக்கு அழுதுக்கிட்டுருப்ப" என்றான். "விடு புள்ள. நான்தான ஒழுங்காப் பாத்துக்கல. காலைல வாறேன்னவரு சாயந்தரம் வந்தா எம்புட்டுக் கொழைதான் போடுறது?"

மாசிச் சிவராத்திரிக்கு மறுநாள் கருப்பன் கோயிலில் கிடாவை வெட்டினார்கள். அகத்தியும் அத்தியும் நாவலும் தின்று கொழுத்த உடம்பு. அவ்வளவு கொழுத்த கிடாவைச் சுற்றுவட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். பந்தியில் பேயாண்டி இடது கையால் எல்லோருக்கும் சோறு போட்டான். சுருளிகூடச் சொல்லிவைத்துக்கொண்டு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். நேர்ச்சை தீர்ந்தது. சீனியம்மாள் அன்று ராத்திரி அசந்து தூங்கினாள்.

பங்குனியில் வாசலுக்குப் புது இரும்புக் கதவு போட்டு, நீலப் பலகை மாட்டித் திறந்துவைத்தார்கள். பேப்பரில் படம் வந்தது. பக்கத்துப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் விடிகாலையில் நடக்க வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையிலிருந்து ஸ்கூட்டரில் குடும்பம் குடும்பமாக வந்து கரையில் நின்று பறவை பார்த்தார்கள். கன்றுகள் இடுப்பளவு வந்துவிட்டன. அத்திகூட அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்விட்டது. துளசிராமைத் தேனிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். போகும்போது அவர் சீனியம்மாளிடம் சொல்லிக்கொண்டு போனார்.

புதுக் காவல்காரர் மிலிட்டரியில் இருந்து ஓய்வுபெற்றவர். காக்கிச் சட்டையும் ஊதலும் வைத்திருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. சம்பளத்தோடு வாசல் அறையும் அவருக்கு. பெண்சாதியைச் சொந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்ததால், சில நாள் முனியாயியிடம் குழம்பு கேட்டு வாங்கிக்கொள்வார்.

சீனியம்மாளும் முனியாயியும் இருட்டுப் பிரியும் முன்னே வந்து பாதையைக் கூட்ட வேண்டும். கதவு திறக்கும் நேரத்துக்குள் வெளியே போய்விட வேண்டும். நடக்க வருகிறவர்களுக்கு முன்னால் தூசி கிளப்பக் கூடாது என்பது உத்தரவு.

"அந்தப் பலகைல என்னண்ணே போட்ருக்கு?" என்று ஒருநாள் முனியாயி கேட்டாள்.

"பொதுமக்கள் அனுமதி நேரம்னு போட்டிருக்கு."

"அதுல நாங்க வருவமா, மாட்டமா?"

காவல்காரர் சிரித்தார். "வருவீங்க, ஏன் வராம? சாயங்காலம் குளிச்சுக் கிளிச்சு வாங்க."

"சாயங்காலம் எங்கண்ணே வர? இங்கன கெடந்த முள்ளு பூரா போச்சு. வெறகுக்கு மலையடிவாரம் வரை நடக்க வேண்டியதால்ல இருக்கு."

சித்திரை மாசத்தில் ஒருநாள் காலை. பேரப்பிள்ளைகளோடு எஸ்.இ. வரப்போவதாகத் தகவல் வந்திருந்தது. முனியாயிக்குக் காய்ச்சல், சீனியம்மாள் மட்டும்தான் வந்திருந்தாள். கரையோரம் தொடங்கிப் பாதையைக் கூட்டி முடித்து அவள் வாசல் பக்கம் வந்தபோது, காவல்காரர் பாதையைக் கையால் காட்டினார்.

"பாரு, ஒங் கால் தடம் பூரா விழுந்து கெடக்கு. பெரியய்யா வாறப்ப நல்லாருக்குமா? பின்பக்கமா நடந்து வந்து கூட்டும்மா."

அவள் திரும்பிக் கரைக்குப் போனாள். தண்ணீரின் மேல் வெளிச்சம் வந்துவிட்டது. சிறகிகள் அவளைச் சட்டை செய்யாமல் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன. அவள் அவற்றுக்கு முகத்தையும் வாசலுக்கு முதுகையும் காட்டிக்கொண்டு, குனிந்து, ஓரடி பின்னால் வைத்துக் கூட்டினாள். இன்னோரடி வைத்தாள். செம்மண்ணில் பதிந்த வெறுங்கால் தடத்தின் மேல் விளக்குமாறு போய்வந்தது. வாசலுக்கு வெளியே ஒரு கார் வந்து நின்றது. கதவுச் சங்கிலியை அவிழ்க்கும் சத்தம் கேட்டது.

"சீக்கிரம்மா, சீக்கிரம். ஆளுக வந்துட்டாங்க."

அவள் கையை எட்டிப்போட்டுக் கூட்டிக்கொண்டே இரும்புக் கதவோரத்துச் சிறிய கதவு வழியாகப் பின்னோக்கியே வெளியே வந்தாள். கடைசித் தடத்தையும் வெளியில் நின்றபடியே குனிந்து அழித்தாள். கரையிலிருந்து வாசல் வரைக்கும், யாரும் ஒருநாளும் நடந்தே இராததுபோலப் பாதை சுத்தமாகக் கிடந்தது.